தெருவுக்கு விட்ட 5 அடி: சேலையூரில் ஒரு வீட்டு முன்முற்றம்

2022 பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர். மேற்குப் பார்த்த வீடு, ஒன்றரை கிரவுண்ட் மனை. தெரு ஓரம் 45 அடி, உள்ளே 80 அடி. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் 22 அடியைத் தோட்டமாக வடிவமைப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

கேட்டைத் திறந்து காலை வைத்தால் பொசுக்கென்று கீழே இறங்கியது. முற்றம் தெருவைவிட 9 அங்குலம் தாழ்வு. 1996இல் கட்டும்போது தெருதான் கீழே இருந்ததாம். அதற்குப்பின் ரோடு போட்ட ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வந்ததில் தெரு வளர்ந்துவிட்டது, வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. சென்னைப் புறநகரில் இந்தக் கதை இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முற்றத்தில் முக்கால்வாசி பேவர் பிளாக். மீதியில் கொரியன் புல் பதித்து, அதுவும் காய்ந்து திட்டுத்திட்டாகக் கிடந்தது. தெற்கு மதிலை ஒட்டி ஒரு வரிசை இட்லிப்பூச் செடி. இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நாலு மணி வெயில் கூடத்து ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து எதிர்ச்சுவர்வரை சுட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர்கள் இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். செல்போனில் நிறைய படம் சேர்த்து வைத்திருந்தார்கள்: பச்சைப் புல்தரை, வெள்ளைக் கூழாங்கல், நாலு பாக்கு மரம், நடுவில் புத்தர் தலை. ஆசைப்படுவதில் தப்பில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது, அவ்வளவு நேரமும் ஊஞ்சலில் பேசாமல் உட்கார்ந்திருந்த பாட்டி, அவருக்கு அப்போது 78 வயது, கூப்பிட்டார்.

"தம்பி, செடி என்ன வேணா வைங்க. எனக்குக் கோலம் போட இடம் வேணும். என் வாசல் ரோட்டுக்கு அடியில போயிடுச்சு."

இந்த வேலை முழுவதும் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

முதலில் அளவு

செடியைப் பற்றி முதல் மூன்று வாரம் நாங்கள் பேசவே இல்லை. மேஸ்திரி ட்யூப் லெவலோடு வந்தார். கண்ணாடி மாதிரி தெரியும் நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வராந்தா விளிம்பில் ஆள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் முற்றம் முழுக்க எடுத்துப் போய், தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு கிழித்தார். ஒன்றரை மணி நேர வேலை. முடிந்தபோது முற்றத்தின் வாட்டம் எங்களுக்குப் புரிந்தது. தண்ணீர் மதிலோரம், சின்ன கேட்டுக்குத் தெற்கே வந்து நிற்கிறது. வெளியே போக வழி இல்லை, ஏனென்றால் வெளியே தெரு மேடு.

990 சதுர அடி முற்றம். அதில் 1 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 920 லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அந்தக் கணக்குப்படி இந்த முற்றத்தில் மட்டும் 45,000 லிட்டர். அந்த வருஷம் இந்த வீட்டுக் கூடத்தில் முழங்காலுக்குக் கீழ்வரை தண்ணீர் வந்திருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு பொரிந்த கோடு இன்னும் தெரிந்தது.

மழைநீர் சேகரிப்பு இருந்தது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியபோது போட்ட குழி. மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். 3 அடிக் குழி, மேலே மணல், மணலுக்கு மேல் களிமண் படிந்து பாறை மாதிரி இறுகியிருந்தது. போட்ட நாளிலிருந்து யாரும் திறந்து பார்த்ததில்லை. ஊரில் பாதி வீட்டுக் குழியின் நிலைமை இதுதான். மேல் மணலை வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், எடுத்துக் கழுவிப் போட்டால் போதும். அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அப்புறம் மண். மூன்று இடத்தில் ஒரு அடி தோண்டினோம். எங்கே தோண்டினாலும் செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, ஓடு. வீடு கட்டிய கழிவை அப்படியே நிரவி அதன்மேல் அரை அடி செம்மண் போட்டிருக்கிறார்கள். தோண்டிய மண்ணில் ஒரு கை எடுத்து எலுமிச்சை பிழிந்தேன், புசுபுசுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு. இட்லிப்பூவின் மஞ்சள் இலைக்குக் காரணம் அங்கே கிடைத்தது. அது புளித்த, அதாவது அமிலத்தன்மையுள்ள, மண்ணைக் கேட்கும் செடி. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டம்மா மூன்று வருஷமாக அதற்கு யூரியா போட்டுக்கொண்டிருந்தார். அதே குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி நேரம் பார்த்தேன். மணிக்கு அரை அங்குலம்கூட இறங்கவில்லை. கீழே களி. அதற்கும் கீழே, 7 அடிக்கு அப்பால், தண்ணீர் இறங்கும் கப்பி மண், அதாவது சரளை, இருப்பது போர் போட்டவர்கள் சொல்லித் தெரிந்தது.

கன்னி மூலையும் வாயு மூலையும்

உறை இறக்கிக் கப்பி மண்வரை தண்ணீரைக் கொண்டுபோனால் முற்றம் வடியும். எங்கே இறக்குவது என்பதில்தான் சிக்கல். மேற்குப் பார்த்த வீட்டுக்கு முன்பக்க மூலை இரண்டு. வடமேற்கு, அதாவது வாயு மூலையில், கார் நிற்கும் இடத்துக்கு அடியில் செப்டிக் டேங்க். அதன் பக்கத்தில் மழைநீர்க் கிணறு வைப்பது ஆபத்து. தென்மேற்கு கன்னி மூலை. அங்கே பள்ளமே கூடாது, பாரம்தான் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரின் அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு மன உறுத்தல் இல்லாமல் இருப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான் என்று நான் நினைக்கிறேன். ட்யூப் லெவல் கோட்டைத் திரும்பப் பார்த்தோம். இயற்கையாகவே தண்ணீர் சேரும் இடம் கன்னி மூலையிலிருந்து 20 அடி வடக்கே, செப்டிக் டேங்கிலிருந்து 17 அடி தெற்கே. அங்கேயே 3 அடி விட்டத்தில் 12 அடி ஆழத்துக்கு உறை இறக்கினோம். அடியில் 2 அடிக்கு 40 மி.மீ. ஜல்லி. மேலே வலைக் கம்பி போட்ட மூடி.

கிணற்றுக்குத் தண்ணீர் நேராகப் போகவில்லை. மதிலை ஒட்டி 18 அடி நீளம், 6 அடி அகலத்துக்கு ஒரு தாழ்ந்த பாத்தி எடுத்தோம், சராசரி 8 அங்குல ஆழம். முற்றத்துத் தண்ணீர் முதலில் அதில் இறங்கி, சேற்றை அங்கே விட்டுவிட்டு, நிரம்பிய பிறகு கிணற்றுக்குள் வழியும். பாத்தி 2,000 லிட்டர், கிணறு இன்னொரு 2,000 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. 4, 5 செ.மீ. மழை ஒரே மூச்சில் கொட்டினாலும் தாங்கும். 2015 மாதிரி மழையை இது தாங்காது என்று முதலிலேயே அவர்களிடம் சொன்னேன். பாத்தியில் தண்ணீர் இரண்டு நாளுக்குமேல் நிற்கக் கூடாது என்பதும் கணக்கில் இருந்தது. கொசு முட்டை பொரிந்து பறக்க ஒரு வாரம் போல வேண்டும், அதற்கு முன்னால் வடிந்துவிட வேண்டும்.

கன்னி மூலையில் பாரம்? கொல்லையில் கவனிப்பாரில்லாமல் கிடந்த ஆட்டுக்கல்லையும் அம்மியையும் நாலு பேர் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்து அங்கே ஒரு மண்மேட்டில் வைத்தோம். ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் ஊற்றினால் கொண்டைக்குருவி வந்து குளிக்கிறது.

வாசல்

பாட்டியின் பழைய வாசல் தெருவோரத்தில், கேட்டுக்கு வெளியே இருந்தது. இப்போது அங்கே தார். வண்டி போகிறது. கேட்டுக்கு உள்ளே, கதவுக்கு முன்னால் அழகாக ஓர் இடம் ஒதுக்கித் தரலாம் என்று முதல் வரைபடத்தில் போட்டிருந்தேன். பாட்டி பார்த்துவிட்டு, "இது உள்ளே இருக்கே. வாசல்னா தெருவைப் பார்த்துல்ல இருக்கணும்" என்றார். நியாயம்தான். கோலம் வருகிறவருக்கும் போகிறவருக்கும் போடுவது. மூடிய கேட்டுக்குப் பின்னால் போட்டால் யாருக்கு?

இரண்டாவது வரைபடத்தில் சின்ன கேட்டை மதிலிலிருந்து 5 அடி உள்ளே தள்ளினேன். மதிலில் 9 அடி அகலத்துக்கு ஒரு இடைவெளி. அதற்குள் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி அகலத்தில் கல் இருக்கை, நடுவில் 6 அடிக்கு 5 அடி கோலம் போடும் தரை. நிலம் அவர்களுடையது, ஆனால் தெருவுக்குத் திறந்திருக்கும். பழைய வீட்டுத் திண்ணை செய்த வேலையை மதில் ஓரத்தில் செய்ய வைத்த மாதிரி.

வீட்டுக்காரர் தயங்கினார். சேலையூரில் ஒரு சதுர அடி விலை என்னவென்று தெரியுமா, 45 சதுர அடியை யாராவது தெருவுக்கு விடுவார்களா என்று கேட்டார். கண்டவர்கள் உட்காருவார்கள், குடித்துவிட்டுப் படுப்பார்கள் என்றும் சொன்னார். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது. இருக்கையை ஆள் படுக்க முடியாத 5 அடி நீளத்தில் நிறுத்தி, மேலே ராத்திரி முழுக்க எரியும் மஞ்சள் விளக்கு ஒன்று வைப்பதாகச் சொன்னேன். முடிவைச் சொன்னது வீட்டம்மா. "அத்தைக்கு வேணும்னா போடுங்க."

தரை எதில் போடுவது என்பதற்குப் பாட்டிதான் பரீட்சை வைத்தார். மூன்று மாதிரி கொண்டுபோனேன். மெருகேற்றிய கோட்டா கல்லில் மாவு வழுக்கியது, இழை நிற்கவில்லை. நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டில் மாவு பள்ளத்துக்குள் போனது, கோடு உடைந்து உடைந்து வந்தது. மூன்றாவது, சிமெண்டில் காவி கலந்து கொத்துக்கரண்டியால் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் ஒரே திசையில் லேசாக இழுத்து விட்ட தரை. பாட்டி குனிந்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, ஐந்து புள்ளி வைத்து, சுற்றிச் சிக்கு இழுத்தார். கை நிற்காமல் ஓடியது. நிமிர்ந்து, "இது பேசுது" என்றார். அதையே போட்டோம். தண்ணீர் தெளித்தால் தேங்காமல் இருக்க 8 அடிக்கு 1 அங்குலம் வாட்டம், தெருப் பக்கமாக. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

வாசல் தரையைத் தெருவைவிட 3 அங்குலம் உயர்த்தியதும் இன்னொரு காரியமும் கைகூடியது. தெருவில் ஓடும் தண்ணீர் உள்ளே வராமல் அது அணை மாதிரி நிற்கிறது. கார் கேட்டிலும் அதே 3 அங்குல மேடு. வீட்டுத் தரை தெருவைவிட 15 அங்குலம் மேலே. ஆக வாசலுக்கும் வராந்தாவுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அடி, நடுவில் 17 அடி தூரம். முற்றத்துக்குள் இறங்காமல், கரை மாதிரி உயர்த்திய ஒரு பாதையை நேராகப் போட்டால் படியே தேவையில்லை. 17 அடிக்கு 1 அடி ஏற்றம், சக்கர நாற்காலிகூடப் போகும். பழைய நாலு படியை இடித்தோம். பாதைக்கு அடியில் 4 அங்குலக் குழாய் மூன்று விட்டிருக்கிறோம், கார் பக்கத்துத் தண்ணீர் பாத்திக்கு வர.

கார் நிற்கும் இடத்தில் பேவர் பிளாக்கை எடுத்துவிட்டு இரண்டு சக்கரத் தடம் மட்டும். நடுவில் மண்.

நிழல் எங்கிருந்து வரும்

மேற்கு வெயிலுக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே மரம் வைப்பது எல்லோரும் செய்வது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்குப்பின் ஆகஸ்ட் நடுவரை நமக்கு வடக்கே தள்ளியே போகும். கத்திரி வெயில் சாயங்காலம் நேர் மேற்கிலிருந்து இல்லாமல், கொஞ்சம் வடக்கே தள்ளிச் சாய்வாக வருகிறது. நேர் எதிரே வைத்த மரம் நிழலை ஜன்னலுக்குத் தெற்கே தள்ளிக் கொட்டும்.

இதைப் பேச்சில் சொன்னால் யாருக்கும் மனசில் பதியாது. மே மாதம் முதல் வாரத்தில் ஒரு 10 அடி சவுக்குக் கொம்பை நட்டு, மூன்று, நாலு, ஐந்து மணிக்கு நிழல் விழும் இடத்தைக் குறித்தோம். குறித்தது கோலமாவால், பாட்டியின் டப்பாவிலிருந்து. மாவுப் புள்ளிகள் ஜன்னலைத் தாண்டித் தெற்கே போவதைப் பார்த்ததும் வீட்டுக்காரரே கொம்பைப் பிடுங்கி வடக்கே நகர்த்தினார். நாலு அடி நகர்ந்து சரியான இடம் கிடைத்தது. சுவரிலிருந்து 11 அடி தூரம்.

அந்த இடத்துக்கு அவர் கேட்டது சரக்கொன்றை. அழகான மரம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சித்திரை வைகாசியில் பூக்கும்போது கிளையில் இலையே இருக்காது, நிழல் வேண்டிய நேரத்தில் மொட்டையாக நிற்கும். புங்கன் மாசி பங்குனியில் உதிர்த்தாலும் சித்திரைக்குள் தளதளவென்று துளிர்த்துவிடும். காற்றுக்கும் நின்று பிடிக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நகரத்தில் குல்மொஹரும் இயல்வாகையும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதை மறக்கக் கூடாது. புங்கன் வைத்தோம். கொன்றை கொல்லைக்குப் போனது.

மதிலை மறைக்கக் கோனோகார்பஸ் வைக்கலாம் என்று நர்சரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேண்டாம் என்றேன். வேர் குழாயையும் சுவரையும் தேடிப் போகும், மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும் என்று குஜராத் அரசு 2023இல் அதற்குத் தடையே போட்டது.

செடிகள்

நடவு ஆடிப்பெருக்கு அன்று. ஆடி, ஆவணி சாயங்கால மழையில் வேர் பிடித்துவிட்டால் ஐப்பசி அடைமழைக்குத் தயாராக இருக்கும். அதற்கு முன்னால் செடி வைக்கும் இடத்தில் மட்டும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கழிவு மண்ணை அள்ளி வெளியேற்றி, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் நிரப்பினோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் போனது. வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

புல்தரை ஆசைக்குப் பதில் பொடுதலை. கொரியன் புல்லுக்கு முழு வெயில் வேண்டும், கோடையில் சதுர மீட்டருக்கு நாளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீரும் வேண்டும். புங்கன் வளர்ந்தால் நிழலில் அது போய்விடும். பொடுதலை நம் வாய்க்கால் வரப்பில் தானாக வளர்வது. தண்ணீர் நின்றாலும் அழுகாது, பத்து நாள் காய்ந்தாலும் தாங்கும், பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும். தேனீயும் வரும் என்பதால் பூத்திருக்கும்போது வெறுங்காலோடு அதில் நடக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

தாழ்ந்த பாத்தியில் கல்வாழை, சேம்பு, இரண்டு ஓரத்திலும் வெட்டிவேர். பாதையின் வெயில் பக்கம் மல்லிகை. கார்த்திகை, மார்கழியில் அதைக் கவாத்து செய்தால்தான் பங்குனியில் பூ. வாசல் மேல் சந்தன முல்லை. கதவுக்குப் பக்கத்தில் அடர்ந்த புதர் எதுவும் இல்லை, அந்தப் பக்கம் பாம்பு நடமாட்டம் உண்டு.

ஒரு தப்பு என்னுடையது. பவழமல்லியைப் பாத்தியின் ஓரத்தில் வைத்தேன். வரைபடத்தில் அங்கே ஒரு உயரம் தேவைப்பட்டது, அதைப் பார்த்தேனே தவிர அதன் வேரைப் பார்க்கவில்லை. முதல் ஐப்பசியிலேயே மூன்று முறை தண்ணீர் நின்றதில் அடி அழுகிச் செத்தது. அடுத்த ஆடியில் புதுச் செடியை உயர்ந்த பாதைக்குப் பக்கத்தில், மேட்டில் வைத்தோம். இப்போது விடியற்காலையில் பூவெல்லாம் பாதைமேல் உதிர்ந்து கிடக்கிறது. கீழே விழுந்த பூ பூஜைக்கு ஆகாது, பவழமல்லி மட்டும் ஆகும். பாட்டி குனிந்து பொறுக்கிக்கொள்கிறார்.

மழை வந்த பிறகு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. நான்காம் தேதி மத்தியானத்துக்குள் பாத்தியும் கிணறும் நிரம்பி, தண்ணீர் பொடுதலைமேல் பரவி, கணுக்கால் அளவு நின்றது. தெருவில் தண்ணீர் வாசல் மேட்டுக்கு ஒரு அங்குலம் கீழே வந்து நின்றுவிட்டது. பாதை நனைந்தது மழையில் மட்டும்தான். வராந்தாவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மழை விட்டபின் முற்றம் வடிய ஒன்றரை நாள் ஆனது. பொடுதலை சேற்றை உதறிவிட்டு எழுந்துவிட்டது. பாத்தியில் படிந்த வண்டலை வழித்து ஒரு சாக்கு எடுத்தோம், அது புங்கன் அடிக்குப் போனது.

கூடத்துக்கு மே மாத வெயில் இன்னும் முழுக்க நிற்கவில்லை. புங்கன் 12 அடியைத் தாண்டியிருக்கிறது, நாலு மணிவரை மறைக்கிறது. அதற்குப் பிந்திய வெயிலுக்கு இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். அதுவரை மூங்கில் தட்டிதான்.

கல் இருக்கையில் குடித்துவிட்டு யாரும் படுக்கவில்லை. காலையில் பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துப் பூ கட்டுகிறார். ஸ்கூல் வேனுக்குப் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள், கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் காலை மடக்கிக்கொண்டு. போன தை மாதம் எதிர்வீட்டுக்காரர் அளவு நாடாவோடு வந்து 5 அடியையும் 9 அடியையும் அளந்துகொண்டு போனார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பாதைக்கு ஒரே பக்கம், வெளியே போகும்போது இடது கைப் பக்கம், கைப்பிடி வைத்திருந்தேன். போகும்போது பாட்டி வலது கையில் மாவு டப்பா, இடது கையில் கைப்பிடி. திரும்பி வரும்போதும் டப்பா வலது கையில்தான், கைப்பிடியும் இப்போது அதே பக்கம். டப்பாவைக் கை மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் நிற்கிறார். நான் அதைப் போன வாரம்தான் பார்த்தேன். மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை மறுபக்கமும் கம்பி வைக்கிறோம்.